நாலு மணிச் சாவி

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வாசல் கதவில் யாரோ சாவி போட்டுத் திருகும் சத்தம் கேட்டது. பயத்தில் மனைவி ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை.

“‘பேப்பர்ல பேங்க் ஏல விளம்பரம் பார்த்தேன், பாதி விலை’ன்னு குதிச்சீங்களே! இந்த வீட்டுல என்னமோ இருக்கு.”

“பேய்க்கு எதுக்குடி சாவி? அது பாட்டுக்குச் சுவர் வழியா வந்துட்டுப் போகும்,” என்று சிரித்தான் கணவன்.

“ஊர்ப் பூட்டையெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வீட்டுப் பூட்டைக் கொஞ்சம் பாருங்களேன்.”

“அது நல்ல பூட்டு. புதுசு.”

மறுநாள் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றான். நாலு மணிக்குச் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. சட்டென்று கதவைத் திறந்தான். அவன் பின்னாலிருந்து மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

“என் வீடும்மா இது. சாவிதான் சேரமாட்டேங்குது. இப்ப நாம இங்க இல்லப்பான்னு மகன் தினமும் சொல்றான். எனக்குத்தான் மறந்து மறந்து போயிடுது.”

“ஐயோ பாவம். உள்ள வாங்க ஐயா,” என்றாள் மனைவி. இவருக்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

பெரியவர் கணவனை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தம்பி, நீயா! பேங்க்காரங்களோட வந்து பூட்டை மாத்தினியே. என் மருமககிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, நல்ல காத்தோட்டமான வீடுன்னு ரூம் ரூமாப் போய்ப் பார்த்தியே!”

மனைவி மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

பெரியவர் கையை நீட்டினார். “எனக்குப் புதுச் சாவி குடுக்காமப் போயிட்டியே, தம்பி.”