பூட்டினவர் யார்?

அமிலத் தொட்டிக்குப் புது அழுத்தமானி மாட்டி அரை நாளாகிவிட்டது. வேலை முடியும்வரை யாரும் திறக்காதபடி குழாய் வால்வில் போட்ட சிவப்புப் பூட்டுதான் இன்னும் இறங்கவில்லை. ஆலை நின்றது, மேலாளர் ஆடினார்.

"உடைய்யா அதை."

"பூட்டினவர்தான் திறக்கணும் சார். மத்தவன் கை வெச்சா வேலை போயிடும்னு நீங்கதானே விதி போட்டீங்க?" என்றார் ஃபிட்டர். அவர் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது.

"எனக்கே விதி சொல்றியா? பூட்டினவன் எங்க?"

"அது வந்து சார்..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். பூட்டைப் போட்டுட்டுச் சாவியோட ஊர் சுத்துற கழுதைக்கு மூளை இருக்கா?"

"அதை நான் எப்படி சார் சொல்றது?"

மேலாளர் பீப்பாய் மேல் தாளை வைத்து, பேருக்கு மட்டும் இடம் விட்டு வேலைநீக்க உத்தரவு எழுதி, கையெழுத்தும் போட்டார். 'பொறுப்பற்றவர்' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"அவன் பேரைச் சொல்லு. இல்லேன்னா உன் பேரை எழுதிடுவேன்."

ஃபிட்டர் பூட்டில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்த படத்தில் மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பாதுகாப்பு விழா போட்டோவுக்கு நீங்க பூட்டினது சார். சாவியைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டீங்க."

மேலாளரின் குரல் பூனைக்குட்டியாகிவிட்டது. "கோட்டு சலவைக்குப் போயிருக்கேய்யா."

"வரட்டும் சார், திறந்துக்கலாம். அந்தத் தாளை இப்படிக் குடுங்க. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கேன்."