எழுபதுக்கு எழுபது

“அந்தச் சுத்தியலைக் கீழ வைங்க! சொல்றேன்ல, வைங்க!”

அக்கா கத்தி முடிப்பதற்குள் அத்தான் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பிளாஸ்டிக் பெட்டி சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே இருந்த வெள்ளிக் காசு துள்ளி விழுந்து, உருண்டு, தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதை வாங்க வந்திருந்த மருந்துக்கடைத் தம்பி, கையில் பணக் கவரோடு பேயறைந்த மாதிரி நின்றான்.

அது கடைகண்ணியில் புழங்குகிற காசு இல்லை. சேர்த்து வைப்பவர்களுக்காக ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புதுசாக வெளியிட்டது. அதற்கென்று ஒரு கம்பெனி இருக்கிறது. காசை லென்ஸ் வைத்துப் பார்த்து, மார்க் போட்டு, பெட்டிக்குள் வைத்து ஒட்டித் தருவார்கள். அத்தானின் காசு எழுபதுக்கு எழுபது. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை அப்படி ஒரு மார்க்கை நான் கண்ணால் பார்த்ததில்லை.

விலையே அந்த மார்க்குக்குத்தான். பெட்டி உடைந்தால் மார்க் போச்சு. மிச்சம், எடை போட்டு விற்கிற வெள்ளி.

அதை வாங்கியதோ, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்காக அக்கா சேர்த்த பணத்தில். “கொஞ்சம் பொறு, ரெண்டு மெஷினா வாங்கித் தர்றேன்” என்றார் அத்தான். அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கடைசியில் இன்றைக்குத்தான் ஒரு ஆள் வந்து சேர்ந்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

தம்பி பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சூப்பர் அண்ணா! என் கல்யாணத்துக்கு வெச்சிருக்கிற பணம். அதுக்குள்ள விலை ஏறிடும்ல?”

“ஏறும்னு யார் சொன்னா? இறங்கவும் இறங்கும்.”

தம்பி சிரித்தான். “புரியுதுண்ணா. பத்தலன்னு நேராவே சொல்லுங்க. மேல ரெண்டாயிரம் தர்றேன்.”

“அதுக்கில்லப்பா. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“மூவாயிரம்!”

அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். “மெஷின் வந்தாச்சுடி! தம்பிக்கு டீ போடு. சர்க்கரையை அள்ளிப் போடு.”

“இப்போதைக்கு விக்கற எண்ணம் இல்லப்பா” என்றார் அத்தான்.

“ஐயாயிரம்! நீங்க இந்த இழுப்பு இழுக்கறீங்கன்னாலே ஏதோ விஷயம் இருக்கு. இதை விட மாட்டேன்!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அத்தான், பேராசைக்கும் ஒரு அளவு வேணாமா? குடுத்துத் தொலைங்க!”

“ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? சரின்னு சொல்லுங்களேன்!” என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்தார். தம்பி நீட்டிய கவரைப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு எடுத்துப் போகிற பையைத் திறந்தார். சுத்தியல் வெளியே வந்தது அப்போதுதான்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா?” என்றாள் அக்கா.

“தொட்டுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. பெட்டிக்குள்ளயே கிடந்தா அதுல என்ன சுகம்?”

“இனிமே சும்மா குடுத்தாலும் வேணாம்ணா.” தம்பி கவரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, செருப்பை இடது வலது மாற்றி மாட்டியபடியே ஓடிப்போனான்.

அக்கா என்னைக் காட்டிக் கத்தினாள். “படிப்பை விட்ட இந்தக் கழுதைக்கு இருக்கிற அறிவு கூட உங்களுக்கு இல்லையே!”

அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நான் சில்லுகளைக் கூட்டி அள்ளுவதற்குள் அக்கா மகள் மெஷினுக்கடியில் புகுந்து காசை எடுத்து வந்துவிட்டாள். அத்தான் தரையில் குப்புறப் படுத்து அதைப் பம்பரம் மாதிரி சுழற்றிவிட்டார்.

“சுத்துது! சுத்துது!” என்று குட்டி கை தட்டினாள். அத்தான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார். மெஷின் பணத்தைத் தொலைத்த ஆள் சிரிக்கிற சிரிப்பா அது?

“சிரிக்காதீங்க! நான் கோவமா இருக்கேன்” என்ற அக்காவின் வாயோரம் துடித்தது. “எனக்கும் சிரிப்பு வருது, நிறுத்தித் தொலைங்க!”

அப்போது அத்தானின் போன் அடித்தது. அவர் எழுந்திருப்பதற்குள் அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவருக்கு அந்தக் காசை விற்ற நாணயக் கடைக்காரர்.

“என்னப்பா, பார்ட்டி வந்தானா? வித்துட்டியா?”

“நான் அவர் சம்சாரம் பேசறேன். விக்கல. சுத்தியலால உடைச்சுட்டார்.”

“உடைச்சுட்டாரா? அட கடவுளே! ஏம்மா, அதே காசு இன்னும் ஆயிரக்கணக்குல எழுபது மார்க் வாங்கிட்டு வந்து குவிஞ்சிருக்கு. மெஷின்ல அடிக்கிற புதுக் காசு, எல்லாமே பாஸாகுது. எத்தனை காசுக்கு எழுபதுன்னு நாளைக்கு மார்க் போடற கம்பெனியோட பட்டியல் வெளிய வந்துடும். அப்புறம் கால் விலைக்குக் கேக்கக்கூட ஆள் இருக்காது. அதான் காலையிலயே உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ‘விஷயம் தெரியாதவன் எவனாவது வருவான், வாயைத் திறக்காம இன்னிக்கே அவன் தலையில கட்டிடு’ன்னு!”