தண்ணீர் வறாது

“ஒரு எம்.எல்.ஏ. எழுதுற தமிழா சார் இது?”

புரூஃப் ரீடர் தன் கைப்பேசியை மாடி வீட்டுக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

‘நாளை நீரேற்று நிலையத்தில் பழுது பார்க்கிறார்கள். நம் பகுதிக்குத் தண்ணீர் வறாது. இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.’

“கண்ணாடிய மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். எனக்கும் வந்திருக்கும், அப்புறமாப் பாத்துக்கறேன். நாளைக்குத் தண்ணி வராதா?”

“நமக்கு வராது. அந்தம்மாவுக்கு ‘வறாது’. பெரிய ற! தண்ணிய வறுக்கப் போறாங்க போல.”

“விஷயம் புரியுதுல்ல? விடுங்க சார்.”

“எப்படி விடறது? முந்தாநாள் ‘மின்தடை’க்கு மூணு சுழி. நேத்து ரோட்டுல ‘பல்லம்’. தினம் ஒரு தப்பு. அதுவும் கணக்கா ஒண்ணே ஒண்ணு. ரெண்டு விட்டா கை நோகுமோ என்னவோ!”

மனிதர் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடத் திருத்தாமல் தூக்கி எறியமாட்டார். மனைவி காலமாகிவிட்டார். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். தேர்தல் சமயத்தில் இந்த எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வந்தபோது, நோட்டீஸை வாங்கிச் சிவப்பு மையால் திருத்தி வாசலிலேயே திருப்பிக் கொடுத்தவர்.

ஜெயித்த நாளிலிருந்து அந்தப் பெண்மணி ஒன்றை விடாமல் செய்துவந்தார். தினமும் காலையில் தொகுதிக்காரர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடுவார். எங்கே தண்ணீர் இல்லை, எந்தச் சாலை அடைப்பு, எங்கே மருத்துவ முகாம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

செய்தி வந்த கையோடு புரூஃப் ரீடரின் போன் அங்கே போய்விடும்.

“எம்.எல்.ஏ. ஆபீஸா? அந்தம்மாவக் கூப்பிடுப்பா.”

“இருங்க சார், இதோ தர்றேன்.” உதவியாளர் பெயர்கூடக் கேட்பதில்லை.

“வணக்கம் சார், சொல்லுங்க.”

“‘வராது’க்கு எந்த ர?”

“சின்ன ர... தானே சார்?”

“தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குப் பெரிய ற? ஊரே பாக்குது. உங்களுக்கு இல்லாட்டியும் ஓட்டுப் போட்ட எங்களுக்கு மானம் இருக்கும்மா!”

“அவசரத்துல விழுந்துடுது சார். மன்னிச்சுடுங்க. கால் வலி எப்படி இருக்கு?”

“பேச்ச மாத்தாதீங்க. அந்த வலிக்கு இந்த ல. ‘வழி’ன்னு போட்டு என்னை வழியனுப்பிடாதீங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு. இவர் சிரிக்காமல் போனை வைத்தார். அன்று முழுக்க முகத்தில் ஒரு தெம்பு.

மறுநாள் காலை, பிடித்து வைத்த தண்ணீர் வாளியைக் குளியலறையில் நகர்த்தப்போய் வழுக்கி விழுந்தார்.

கூடத்தில் கைப்பேசி ‘டிங்’ என்றது. அன்றைய செய்தி. இன்றைக்கு என்ன தப்போ! எழுந்து பார்க்க நினைத்தார். இடுப்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

கத்திப் பார்த்தார். மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் போயாகிவிட்டது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் நாள் இருந்தது.

கைப்பேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு சத்தமே இல்லை. அவருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது. கதவை யாரோ இடித்தார்கள். தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. முதல் ஆளாக உள்ளே ஓடி வந்தவர் எம்.எல்.ஏ.; பின்னாலேயே உதவியாளரும் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேரும்.

“நீங்க... எப்படிம்மா?”

“இன்னிக்கு நீங்க என்னைத் திட்டலையே சார்.”

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். கண் விழித்ததும் புரூஃப் ரீடர் நர்ஸிடம் கதையை ஆரம்பித்துவிட்டார்.

“நல்ல மனுஷி, மறுக்கல. ஆனா தமிழ்தான் தகராறு. ஒரு வரி ஒழுங்கா எழுத வராது.”

“நானும் அவங்க தொகுதிதான் சார். எனக்கும் தினம் வருது. தப்பு எதுவும் நான் பாத்ததில்லையே?”

“உன் கண்ணுக்கு எங்கம்மா தெரியப்போகுது? குடு இப்படி.”

நர்ஸ் தன் கைப்பேசியைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

‘நம் பகுதிக்குத் தண்ணீர் வராது.’ சின்ன ர.

மேலே தள்ளினார். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மின்தடைக்கு இரண்டே சுழி. இன்னும் மேலே போனார். ஒரு புள்ளி பிசகவில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் இருந்த தன் கைப்பேசியை எடுத்தார். அதே தேதி, அதே செய்தி. ‘வறாது.’

இரண்டையும் இரு கைகளில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க போன்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும் சார்” என்றாள் நர்ஸ், தலையணையைச் சரி செய்தபடி. “எங்க பெரியம்மா போனும் இப்படித்தான். எங்க எல்லாருக்கும் சரியா வர்றது, அவங்களுக்கு மட்டும் கிழமை மாறி வரும். காலண்டர் கம்பெனியில வேலை பாத்தவங்க, சும்மா விடுவாங்களா? தினம் எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடிச்சாத்தான் அவங்களுக்குப் பொழுது விடியும்.”

புரூஃப் ரீடர் மெல்லக் கேட்டார்.

“பெரியம்மா வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?”

“யாருமில்ல சார். தனியாத்தான் இருக்காங்க.”