வந்த காரணம்

'வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது' என்று புது இன்ஜினியர் பலகை மாட்டிய அன்றைக்கே, ஆப்பரேட்டரின் மனைவி கேரியரும் கையுமாகக் கேட்டில் வந்து நின்றாள்.

வாட்ச்மேனுக்கு ஒரே கொண்டாட்டம். கல்யாணமாகி இருபது வருஷம் சும்மா இருந்தவள், போன வருஷக் காய்ச்சலில் புருஷன் விழுந்து எழுந்ததிலிருந்துதான் சோறு சுமக்கிறாளாம். அதையும் கழிவுநீர்த் தொட்டி விளிம்பில் ஜோடியாக உட்கார்ந்து எழுந்த பிறகுதான் சாப்பிடுவார்களாம். வயசு ஏற ஏற மோகமும் ஏறுகிறது என்று கண்ணைச் சிமிட்டினான்.

இன்ஜினியருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இதே ஆப்பரேட்டர் அடிப்பிடித்த பாலில் டீ போட்டுக் கொடுத்து, தானும் சப்புக்கொட்டிக் குடித்தான். அந்த எரிச்சலே இன்னும் இறங்கவில்லை.

கடல் உள்வாங்கும் நேரம். ஊர்க் கழிவெல்லாம் சுத்தமாகி நிற்கும் கடைசித் தொட்டியை இப்போது திறந்தால்தான் தண்ணீர் கரையில் தேங்காமல் போகும். ஆப்பரேட்டரோ வால்வுச் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்தபடி நின்றான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்ஜினியர் திறக்கச் சொன்னார்.

"அவ வந்துடட்டும் சார். அஞ்சே நிமிஷம்."

நல்ல கூத்து! சோறு வந்தால்தான் சக்கரம் சுற்றுமா என்று சத்தம் போட்டார். விதிப்படி முகர்ந்து பார்த்துவிட்டுத் திறக்க வேண்டியதுதானே என்றார். அவன் தலையைச் சொறிந்தான். அந்த விதி சும்மா வந்ததல்ல. முன்பு ஒரு தடவை கெட்ட தண்ணீர் போய், கரை முழுக்க நண்டு செத்து ஒதுங்கியது. வலைக்காரர்கள் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரியாத நாள் நிறைய.

தொலையட்டும் என்று கேட்டைத் திறக்கச் சொன்னார்.

அவள் வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்தாள். கேரியரைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அவன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். தண்ணீரை முதல் தொட்டிக்கே திருப்பிவிட்டு, அதற்குள் காற்று ஊதும் மோட்டாரைப் போட்டான்.

இன்ஜினியர் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் குனிந்தார். மெல்லிசாக, அழுகின முட்டை நாற்றம். இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் அவன் திறந்திருப்பான்.

நல்ல வார்த்தை நாலு சொல்லலாம் என்று தேடிப் போனார். இருவரும் மோட்டார் அறை நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மூலையிலேயே நின்றுவிட்டார்.

"மீன் வறுவல். ஓரத்துல லேசா கருகின வாசம். எலுமிச்சை பிழிஞ்சது தனியா மூக்குல ஏறுது பாரு," என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுக் கேட்டு மென்றான்.

காலையில் குடித்த டீ அப்போதுதான் இன்ஜினியருக்கு விளங்கியது. காய்ச்சலோடு மூக்கும் போய்விட்ட ஆள். விதிப்படி பார்த்தால் நாளைக்கே வேலையை விட்டு அனுப்ப வேண்டும். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கோபம் வந்தது. எந்த வாயால் சொல்வான் என்றும் தோன்றியது. கோபத்தோடு கோபமாக, அந்த இரண்டு பேரையும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கூப்பிடாமலேயே திரும்பி நடந்து, கேட்டில் இருந்த பதிவேட்டை வாங்கினார். அவள் பெயருக்கு நேரே, 'வந்த காரணம்' என்ற கட்டத்தில், வாட்ச்மேன் வழக்கம்போல 'சாப்பாடு' என்று எழுதியிருந்தான்.

அதை அடித்துவிட்டு, 'பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்தான். ஒன்றும் புரியாமல், அப்படியென்றால் பலகையைக் கழற்றிவிடவா என்று கேட்டான்.

"எதுக்கு? அது வெளியாளுக்குத்தானே. இருக்கட்டும்."