ரிட்டயர்டான மறுநாள்

"வேலைய நீயா விட்டுட்டியா, அவங்களே அனுப்பிட்டாங்களா?" அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே கேட்டாள் தனம்.

"நானாதாம்மா விட்டேன்," என்றாள் இசைப்பிரியா.

சென்னையில் நல்ல வேலை. இரண்டு மூன்று வருஷம் மாடாய் உழைப்பாள். பிறகு விட்டுவிட்டு ஆறு மாசம் ஊர் சுற்றுவாள். திரும்பி வந்து வேறு வேலை தேடிக்கொள்வாள். இந்த முறை எங்கும் போகாமல், நேராக நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கே பெட்டியோடு வந்துவிட்டாள்.

"உங்கப்பா மைன்ஸ்ல ஒரு நாளு சும்மா லீவு போட்டிருப்பாரா? நேத்து ரிட்டயர்மென்ட்டுக்கு மாலை போட்டு, வெடி வெடிச்சு, வூடு வரைக்கும் கொண்டாந்து வுட்டாங்களே, அந்த மரியாத உனக்கு வருமா?"

"வராதும்மா."

"நீ இப்படி விட்டுக்கினும் சேந்துக்கினும் இருந்தா, எவன்டி உன்னக் கட்டுவான்?"

பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், கணவர் வைத்திலிங்கத்தின் கட்டில் காலி. அவருடைய ஷூவையும் காணோம்.

தனம் வாசலுக்கு ஓடினாள்.

தெருமுனையில், காக்கி உடுப்பில், காலிச் சாப்பாட்டுப் பையோடு முதல் ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"என்னாங்க இது! யாராவது பாத்தா சிரிக்கப் போறாங்க!"

அவர் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று.

"இனிமே நான் எங்க போறது, தனம்?"

பின்னாலேயே வந்த இசைப்பிரியா அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முதல் தடவ வேலைய விட்ட மறுநாள் எனக்கும் கால் தானா பஸ் ஸ்டாப்புக்குத்தாம்ப்பா போச்சு. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். தனியா இருந்தா ரொம்பக் கஷ்டம். அதான் நீங்க ரிட்டயர்டாகுற நேரமாப் பாத்து விட்டுட்டு வந்தேன். வாங்க, நடக்கலாம்."

"எங்கேம்மா?"

"எங்கயும் இல்லப்பா. சும்மா."

அவர் தயங்கித் தயங்கி ஓர் அடி வைத்தார். அந்தப் பக்கம் பஸ் வந்து நின்று, போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்சவல்லி தலையைத் தூக்கினாள். "என்னா தனம், பொண்ணு மறுபடியும் வேலைய வுட்டுட்டாளாமே? எப்பத்தான் சேரப்போறாளாம்?"

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"காலையிலயே சேந்துட்டாளே, அக்கா. எங்க வூட்டுக்காரருதான் அவகிட்ட அப்ரண்டிஸ்!"