ஆகக்கூடத் தேடின சாமான்

"கடைக்காரன்ட முகத்தப் பாக்காம, ஒரு சொல் கதைக்காம சாமான் வாங்குற காலமாப் போச்சு," என்று ஆதம்பாவா முணுமுணுத்தார்.

கல்முனையில் இணையக் கடை நடத்தும் மகள் ஆகிலா, கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. "வாப்பா, எங்கட கடையில ஆக்கள் என்ன தேடுறாங்க எண்டு இதுல தெரியும். இந்த மாசம் ஒரு சாமானத்தான் ஆகக்கூடத் தேடியிருக்காங்க. நம்மட்ட அது இல்ல. நூறு எடுக்கப் போறன்."

"தேடினவன் எல்லாம் வாங்குவானா? ஆளக் கண்டியா நீ?"

"ஆளக் காணத் தேவயில்ல. இந்தக் கணக்கு பொய் செல்லாது."

"எல்லாம் ஏமாத்து. என்ன சாமான் அது?"

"வெத்தில இடிக்கிற பித்தளைப் பாக்குரல். இளம் ஆக்களும் வெத்தில போடத் தொடங்கிட்டாங்க போல."

ஆதம்பாவா தொண்டையைச் செருமினார். "ஓடர் குடுத்திட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"குடுக்காத. தேடினது நான்தான்."

"அவ்வளவு தரமும் நீங்களா?"

"உன்ட உம்மாக்குப் பல்லு இல்லாமப் போச்சே. தெரியாம வாங்கிக் குடுப்பம் எண்டு, போன்ல உன்ட கடையத் திறந்து மைக்க அமத்திக் கேட்டன். உன்னிட்டச் செல்லியிருந்தா அடுத்த நிமிசம் உம்மாட காதுக்குப் போயிரும். கடையில நிக்கிற புள்ளையள் ஆராவது பதில் செல்லுவாங்க எண்டு நாளும் சுபஹு தொழுதிட்டும் கேட்டன், அஸர் தொழுதிட்டும் கேட்டன்."

ஆகிலா சிரித்துக்கொண்டே நூறை ஒன்றாக மாற்றினாள். "அது தேடுற பெட்டி வாப்பா. அதுக்குள்ள ஆள் இல்ல. ஒண்டு எடுத்துத் தாறன், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்திரும்."

"ஆள் இல்லாத கடைக்குக் காது என்னத்துக்கு?" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு, பாக்குரல் விசாரிக்கச் சந்தைப் பக்கம் நடந்தார்.