நம்பர் மேட்ச்

“உன் கிழட்டு வண்டிக்கு ஒரு டோனர் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன், அண்ணே. வெளியே வந்து பாரு!”

தங்கை டோரீனின் குரல் கேட்டு வெர்ன் கராஜ் வாசலுக்கு வந்தார். அவளுடைய டிரக்குக்குப் பின்னால் இழுவை வண்டியில் சாம்பல் நிறக் கார் ஒன்று உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் ஷோரூமில் நிற்பதுபோலப் பளபளத்தது. பின்பக்கத்தை யாரோ மோதி அப்பளமாக நொறுக்கியிருந்தார்கள். இன்னொரு வண்டிக்குத் தன் பாகங்களைத் தானமாகக் கொடுக்கிற இப்படிப்பட்ட வண்டியைத்தான் மெக்கானிக்குகள் ‘டோனர்’ என்பார்கள்.

“டோனர் வேணும்னு உன்னை எவன் கேட்டான்? நாளைக்குக் காயலான் கடைக்காரன் வர்றான். பேசி முடிச்சாச்சு.”

டோரீன் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நடுவில் நின்றது எழுபதாம் வருஷத்துச் சிவப்புக் கார். ஒரு காலத்தில் அது உறுமிக்கொண்டு கிளம்பினால் ஃப்ளின்ட் நகரத்தில் பாதித் தெரு ஜன்னலைத் திறந்து பார்க்கும். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு அதன் அடித்தளத்தைத் தின்று தீர்த்துவிட்டது. எஞ்சினிலும் விரிசல்.

வெர்னின் கதையும் ஏறக்குறைய அதுதான். சிறுநீரகம் கைவிட்டு, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸில் போனது. ஸ்பானரைத் தூக்கவே தெம்பில்லை. இனி இந்த வண்டியை ஓட்டப்போவதில்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தினமும் அதைப் பார்த்து நொந்துபோவதற்குப் பதில் காயலான் கடைக்கே போகட்டும் என்று நினைத்தார். உடம்பைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி லோர்னாகூட அதை மீறப் பயந்தாள்.

“உட்காரு. ஃபிரிட்ஜில் பீர் இருக்கு, எடுத்துக்க” என்றார். தான் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

“வேணாம். நான் குடிக்கிறதை விட்டுட்டேன்.”

“நீயா? ஜூலையில பனி கொட்டப்போகுது போ!”

“பேச்சை மாத்தாதே. வண்டியை ஏன் தூக்கிப் போடுறே?”

“ஏய், இது நம்பர் மேட்ச் வண்டிடி. எஞ்சின்ல இருக்கிற நம்பர்தான் பாடியிலயும். ஒரே ஃபேக்டரியில ஒண்ணாப் பொறந்தது. கண்டதோட குடலை எடுத்து உள்ளே வெச்சா அது என் வண்டியா? பழைய கார் கிளப்புல ஒருத்தன் மதிக்க மாட்டான்.”

“உருண்டாத்தான் அது வண்டி. நம்பரைக் கட்டிக்கிட்டு காயலான் கடையில கிடந்தா வெறும் இரும்பு.”

வெர்ன் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கால்கள் அவரைக் கேட்காமலே சாம்பல் நிறக் காரிடம் போய் நின்றன.

“அளவு சேருமா?”

“அளந்து பார்த்துட்டுத்தானே வர்றேன். பின்னாடி மேல் தகடுதான் நசுங்கியிருக்கு, கீழே ஒரு கீறல் இல்லை. அடித்தளம், எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் இதோடது. மேலே உன் சிவப்பு உடம்பு. வெளியே பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது. நான் மெக்கானிக் கடையில இதுக்கு முன்னாடியும் செஞ்சிருக்கேன்.”

“பாவம்டி இது. நல்லா ஓடுற ஒண்ணை அறுத்து, சாகப்போற ஒண்ணுக்கு வைக்கணுமா?”

“கொடுக்கிறதுக்கு அது தயார்தான்.”

“உன் காதுல வந்து சொல்லிச்சாக்கும்?”

“எடுத்ததுக்கு அப்புறமும் அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும், அண்ணே.”

“எஞ்சினைக் கழட்டின கார் எப்படிடி நல்லா இருக்கும்? உளறாதே!”

டோரீன் முகம் சிவந்து, அவசரமாகக் காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. அந்தச் சத்தத்தைச் சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று வெர்னுக்கு ஆசை வந்தது. ஆசைப்படுவதையே மறந்துபோன மனுஷன் அவர்.

“சரி” என்றார். “அந்தக் காயலான் கடைக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடு.”

“அப்படி மொட்டையாச் சொன்னா ஆச்சா? கிரீஸ் கை கொடு.”

வெர்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் அப்பாவின் கடைச் சட்டம் அது. கிரீஸ் தடவிய கையைக் குலுக்கிச் சொன்ன வார்த்தையை, வானம் இடிந்து விழுந்தாலும் மாற்றக் கூடாது. அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் போட்ட சண்டையெல்லாம் அப்படித்தான் தீர்ந்தது.

இருவரும் கிரீஸ் டப்பாவில் விரலை விட்டார்கள். டோரீன் அவர் கையை இறுகப் பிடித்தாள். “சொல்லு. ‘இனிமே டோனர் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.’”

“இனிமே டோனர் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். போதுமா? என்னமோ கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரி! விடு கையை, வண்டியை இறக்குவோம்.”

டோரீன் விடவில்லை. மறுகையால் தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தன.

“அது வண்டிக்கு வந்த டோனர், அண்ணே. உனக்கு வந்த டோனர் நான். ஆஸ்பத்திரியில இன்னைக்குக் காலையில சொல்லிட்டாங்க, நம்பர் மேட்ச்!”